கதவில் எழுதிய எண்

தொண்ணூறாம் ஆண்டுச் சுற்றிவளைப்புகளில் சிப்பாய்கள் வீட்டுக்குள் ஆட்களை எண்ணி, கதவில் வெண்கட்டியால் எழுதிவிட்டுப் போவார்கள். தவராசா வீட்டுக் கதவில் மூன்று இருந்தது: அவன், மனைவி கமலேஸ்வரி, மூன்று மாதக் குழந்தை.

ஊரடங்கால் சீனன்குடாவில் அவன் பார்த்த கூலிவேலை நின்று இருபது நாளாகியிருந்தது. அன்று கமலேஸ்வரி கிணற்றடிக்குப் போயிருந்தாள். குழந்தை காலையிலிருந்து, சேலையில் கட்டிய ஏணைக்குள் அழுதுகொண்டேயிருந்தது. தவராசா அதைத் தூக்கிப் பிடித்து உலுக்கினான். அழுகை நின்றது. அப்பாடா என்றிருந்தது அவனுக்கு.

இரண்டாம் நாள் ஆஸ்பத்திரியில் குழந்தை இறந்தது.

"ஏணையால விழுந்திட்டுது" என்றான். கமலேஸ்வரி நம்பினாள். அவள் நம்பியதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

அடுத்த சுற்றிவளைப்பில் சிப்பாய் உள்ளே பார்த்துவிட்டு மூன்று என்று எழுதினான். தவராசா அதை அழித்தான். அடுத்த மாதமும் மூன்றுதான்.

"நாங்கள் ரெண்டு பேர்தான், சேர்."

கமலேஸ்வரி இன்னும் அவிழ்க்காத வெறும் ஏணையைச் சிப்பாய் காட்டினான். குழந்தை எழும்பிவிடும் என்பதுபோல உதட்டில் விரல் வைத்து, அரைகுறைத் தமிழில் மெல்லச் சொன்னான்:

"பிள்ளை நல்லம். அழுறது இல்லை."