மருந்து ஊற்றியவர்

பனிமூட்டத்தில் பைக்கை மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்த இன்பசேகரனுக்கு, ஆம்பூர் பைபாஸில்தான் சட்டென்று ஞாபகம் வந்தது. நேற்று சாயங்காலம் எண்ணெய் டாங்கில் மருந்து ஊற்றவில்லை.

தோல் பதனிடும் ஷாப்பில் பாய்லருக்கு எண்ணெய் லோடு சூடாக வந்து இறங்கும். அந்தச் சூடு ஆறுவதற்குள் மருந்தைக் கலந்துவிட வேண்டும். தவறினால், மார்கழிக் குளிரில் எண்ணெயில் இருக்கிற மெழுகு பைப்புக்குள் உறைந்து அடைத்துக்கொள்ளும். அப்புறம் எத்தனை கேன் ஊற்றினாலும் பிரயோஜனமில்லை. பாய்லர் எரியாது, சுடுதண்ணீர் வராது, டிரம்மில் கிடக்கிற தோல் மொத்தமும் பாழ்.

மருந்து ஊற்றுவது சூப்பர்வைசர் இன்பசேகரனின் வேலை. அவரோ சர்ச்சில் கேரல் பிராக்டீஸ் என்று, லோடு இறங்கும்போதே கிளம்பிவிட்டார். போன வருஷமும் இதே கூத்துதான். இன்னொரு தடவை பைப் அடைத்தால் வேலை இல்லை என்று மேனேஜர் ரஷீத் அஹமது அப்போதே எல்லார் முன்னாலும் அவரிடம் சொல்லியிருந்தார்.

கேட்டிலேயே மேனேஜர் பிடித்துக்கொண்டார்.

"இன்பா, நேத்து லோடுக்கு மருந்து ஊத்தியாச்சா?"

இன்பசேகரன் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார்.

"பாய்லர் பாத்துக்கிற உமர் ஃபாரூக்கிட்ட சொல்லிட்டுப் போனேன் சார். ஊத்துனாரா இன்னான்னு தெரியல. இப்பல்லாம் அவருக்கு மறதி ஜாஸ்தி."

மேனேஜருக்கு முகம் கடுத்தது. "வாங்க, பாப்போம். அடைச்சிருந்தா இன்னியோட அவர அனுப்பிடலாம்."

உமருக்கு மூன்று பெண் பிள்ளைகள் என்பது அப்போது பார்த்தா ஞாபகத்துக்கு வர வேண்டும்? ஆனாலும் இன்பசேகரன் சொன்னதை மாற்றாமல் மேனேஜர் பின்னாலேயே நடந்தார்.

பாய்லர் ரூமை நெருங்கும்போதே சத்தம் கேட்டது. பாய்லர் ஜோராக எரிந்துகொண்டிருந்தது. டாங்குக்குப் பக்கத்தில் மருந்து கேன் காலியாகக் கிடந்தது.

இன்பசேகரனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்பாடா என்று சுவரில் சாய்ந்துகொண்டார்.

மேனேஜரும் சிரித்துவிட்டார். "பரவால்லியே பாய், மறக்காம ஊத்திட்டீங்க."

துணியில் கையைத் துடைத்துக்கொண்டே உமர் இன்பசேகரனை ஒரு தரம் பார்த்தார். பிறகு மேனேஜரிடம் சாதாரணமாகச் சொன்னார்.

"நான் எங்க சார் ஊத்துனேன்? இன்பா சார்தான். சர்ச்சுக்கு லேட்டானாலும் பரவால்லன்னு, இருந்து ஊத்திட்டுத்தான் போனாரு."