மாற்றுப் பெயர்

மானுடவியல் மாணவி கீதாஞ்சலி, வேலம்பாளையம் பனியன் கம்பெனியின் சாப்பாட்டு இடைவேளையில் நோட்டைப் பிரித்து உட்கார்ந்தாள். எதிரே, பேக்கிங்கில் இருபது வருடமாக வேலை பார்க்கும் சென்னம்மாள்.

“யாரா இருந்தாலும் மரியாதையாக் கேக்கோணும்னு எங்க காலேஜ் மேடம் சொல்லியிருக்காங்க. துணி மடிக்கறப்ப மனசுல என்ன ஓடுமுங்க?”

சென்னம்மாளின் பார்வை ஜன்னலுக்கு வெளியே போனது.

“இந்தச் சட்டையெல்லாம் பனி கொட்டுற ஊருக்குப் போகுதாம். மடிக்க மடிக்க, நானும் அட்டைப்பெட்டிக்குள்ள படுத்துக்கிட்டு கடல்ல மெதக்கற மாதிரியே இருக்கும். பெல் அடிச்சதும் பாத்தா, இதே மேசை.”

கீதாஞ்சலி அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டாள்.

“ஆய்வுல உங்க சொந்தப் பேரைப் போடக்கூடாதுங்க. மாத்துப் பேரு ஒண்ணு நீங்களே சொல்லுங்க.”

“எந்தப் பேரு வேணும்னாலும் சொல்லலாமா?”

“ஆமாங்க.”

“அப்ப கீதாஞ்சலின்னு எழுது.”

அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். “அது நீங்க எனக்கு வெச்ச பேராச்சுங்களேம்மா!”

“தெரியாமயா சொல்றேன்?” மகளின் நோட்டை மெல்லத் தடவினாள் சென்னம்மாள். “அந்தப் பேர்லயாச்சும் நானும் ஒருநா காலேஜுக்குள்ள போயிட்டு வர்றேன், கண்ணு.”