குஞ்சில்லாத மைனா

ஒரு மரத்தில் குஞ்சில்லாத மைனா ஒன்று இருந்தது. யாருடைய கூட்டை நோக்கிப் பாம்பு ஏறினாலும் முதலில் கத்துவது அதுதான்.

"பெத்த நாங்களே சும்மா இருக்கோம். உனக்கு என்னடி வந்தது? மரத்துக்கே தலைவி ஆகணுமா?" என்று காகம் கேட்கும்.

"குஞ்சுகளுக்கு இன்னும் கத்தத் தெரியாதே அக்கா" என்று மைனா சொல்லும்.

"ஆதாயம் இல்லாம எவளாவது அடுத்தவ பிள்ளைக்குக் கத்துவாளா?" என்று காகம் சிரிக்கும். மற்ற பறவைகளும் கூடச் சிரிக்கும்.

அன்று பாம்பு காகத்தின் கூட்டுக்கே ஏறியது. மைனா தொண்டை கிழியக் கத்தியது. "ஆரம்பிச்சுட்டா விளம்பரக்காரி" என்று சொல்லி, காகம் பக்கத்து மரத்தில் இறகு கோதிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் வெறுங்கூட்டைப் பார்த்த காகம், மைனாவிடம் அழுதுகொண்டே வந்தது.

"பாவி, இன்னும் கொஞ்சம் சத்தமாக் கத்தியிருக்கக் கூடாதா?"

பதில் சொல்ல மைனா வாயைத் திறந்தது. குரல் வரவில்லை.