பிஸ்கட் டின்

"போனையெல்லாம் இந்த பிஸ்கட் டின்ல போடுங்க. வகுப்பு முடிஞ்சாதான் திரும்பக் கிடைக்கும்," என்றாள் மாதவி டீச்சர்.

தோட்டத்தில் வேலை செய்யும் பெண்கள் முணுமுணுத்துக்கொண்டே போட்டார்கள். குமுதவல்லி மட்டும் போனை உள்ளங்கைக்குள் இறுக்கிக்கொண்டாள்.

"எனக்கு மட்டும் இருக்கட்டும் லா, டீச்சர். வீட்டுல மாமியார் தனியா இருக்காங்க."

"நொடிக்கு நொடி போனைப் பார்த்தா எப்பக்கா இங்கிலீஷ் படிக்கிறது? உங்க தோட்டத்து மானேஜரே பேர் சொல்லி ஆள் பொறுக்கி, வேன் வச்சு மம்பாவ் டவுன் வரைக்கும் அனுப்பியிருக்காரு. குளுகுளு ஏர்கோன் மண்டபம், மத்தியானச் சாப்பாடு, எல்லாம் அவர் செலவு. அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். யார் கவனமும் சிதறக்கூடாதுன்னாரு."

குமுதவல்லி போனை டின்னில் போட்டாள்.

மாதவிக்கு அன்று பெருமை தாங்கவில்லை. வளர்ந்தவர்களுக்குப் பாடம் நடத்தி இப்படியோர் அமைதியை அவள் பார்த்ததேயில்லை. மாலைவரை ஒருத்திகூட வாசல் பக்கம் திரும்பவில்லை.

டின்னைத் திறந்தபோது குமுதவல்லியின் போன் அதிர்ந்துகொண்டிருந்தது. எடுத்துக் கேட்டவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னக்கா ஆச்சு?"

"தோட்டத்துல நாங்க குடியிருக்கிற லயத்து வீடுங்களை இடிச்சுட்டாங்களாம். காலையில எங்க வேன் கிளம்பினதுமே புல்டோசர் வந்துருச்சாம்."

"ஐயோ! ஒருத்தர்கூடவா தடுக்கல?"

குமுதவல்லி மற்ற பெண்களை ஒருமுறை பார்த்தாள்.

"போன மாசம் புல்டோசருக்கு முன்னால படுத்துத் தடுத்தவங்க அத்தனை பேரும் இங்கதான், கவனம் சிதறாம இங்கிலீஷ் படிச்சுக்கிட்டிருந்தோம், டீச்சர்."