இருட்டுக் கடலின் ரசிகர்

ஐந்தாவது நாளாக அந்தப் பெரியவர் ‘இருட்டுக் கடல்’ ஓவியத்தின் முன்னால் ஆணி அடித்தாற்போல் நின்றிருந்தார். எதிரே தன் அறையில் உட்கார்ந்தபடி அவர் முதுகைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தார் ஓவியக்கூடக் காப்பாளர்.

பூரிக்கக் காரணம் இருந்தது. நாட்டின் ஓவியங்களை எப்படி மாற்றி மாட்டினால் ஜனங்கள் நின்று பார்ப்பார்கள் என்று யோசிக்கும் வேலை அவர் தலையில் விழுந்திருந்தது.

“நூறு வருஷப் பொக்கிஷத்த வரிசையா மாட்டி வச்சிருக்கோம். உள்ள வர்றவங்க கேக்கற ஒரே கேள்வி, பாத்ரூம் எங்கேன்னுதான்” என்றார் ஓவியக்கூடத்தின் இயக்குநர். “இந்தத் தடவையும் யாரும் நிக்கலேன்னா, உங்கள கிடங்குக்கு மாத்திடுவேன்.”

காப்பாளருக்கு முப்பத்தாறு வயது. வீட்டில் அம்மா, வேலையில் ஓவியங்கள், அவ்வளவுதான் உலகம்.

பெரியவரோ காலையில் வந்தால், காப்பாளர் சாப்பிடக் கிளம்பும்போதுதான் தானும் கிளம்புவார். படத்தின் கண்ணாடியில் மூக்கு இடிக்காத குறையாகப் பார்ப்பார்; நடுநடுவே தனக்குத்தானே தலையாட்டிக்கொள்வார்.

முகப்பில் எதை மாட்டுவது என்று முடிவு செய்ய நடந்த கூட்டத்தில் ஆளாளுக்கு ஒரு படத்தைச் சொன்னார்கள். காப்பாளர் விடவில்லை.

“சார், அழகான படத்தையெல்லாம் ஜனங்க தாண்டிப் போயிடறாங்க. இந்த இருட்டுதான் ஒரு மனுஷன அஞ்சு நாளா கட்டிப் போட்டிருக்கு. இத முகப்புல மாட்டுவோம்.”

மாட்டினார்கள். தனி விளக்கு, உட்கார்ந்து பார்க்க மெத்தை வைத்த பெஞ்சு என்று ராஜ மரியாதை.

மறுநாள் பெரியவர் வந்தார். முகப்பைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் விறுவிறுவென்று பழைய இடத்துக்குப் போனவர், வெறும் சுவரைக் கண்டு விழித்தார்.

பார்த்துக்கொண்டிருந்த இயக்குநரின் புருவம் ஏறியது. காப்பாளர் ஓடிப்போய்ப் பெரியவரின் கையைப் பிடித்தார்.

“ஐயா, உங்க படம் முன்னாடி இருக்குங்க. வாங்க, வசதியா உக்காந்தே பாக்கலாம்.”

“முன்னாடியா?” பெரியவர் முகம் வாடிவிட்டது. “அங்கேருந்தா, கண்ணாடியில தம்பியோட ரூம் தெரியாதே.”

பின்னாலேயே வந்த இயக்குநருக்குப் பொறுக்கவில்லை. “அஞ்சு நாளா அப்படி என்னதாங்க பாத்தீங்க?”

பெரியவர் காப்பாளரை ஓரக்கண்ணால் பார்த்து, கொஞ்சம் நெளிந்தார்.

“எம்பொண்ணுக்கு மாப்ள பாத்தேங்க.”