கதவுக்குப் பின்னால் ஒரு படம்

இன்று மாலை இது மூன்றாவது ஓவியக் கண்காட்சித் திறப்பு விழா. முதல் இரண்டு கூடங்களிலும் யார் யாருடைய ஓவியங்களுக்கோ தலையாட்டித் தலையாட்டி அக்காவுக்குக் கழுத்து வலிக்கிறது. இங்கேதான் தங்கை வரைந்த படம் தொங்குகிறது, அதுவும் வாசல் கதவை ஒட்டிய சுவரில். ஆறு மாதம் சாப்பாட்டு மேசையை அடைத்துக்கொண்டு, வீட்டில் எல்லோரையும் மடியில் தட்டு வைத்துச் சாப்பிட வைத்த படம். யாராவது உள்ளே வந்தால் போதும், கதவு சுவரோடு போய் ஒட்டிக்கொண்டு அதை முழுசாக விழுங்கிவிடுகிறது. அக்கா போய்ச் சாத்துகிறாள். கூடத்துக்காரர், "காத்து வரட்டும்மா," என்று சிரித்தபடி மறுபடியும் திறந்து வைக்கிறார். வெள்ளை விளக்குகளின் கீழே, சுவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டம் பேசித் தள்ளுகிறது.

"ஆணி அடிக்கும்போது உன் கண்ணு எங்கடி போச்சு?"

"அப்போ கதவு சாத்தியிருந்துச்சுக்கா," என்கிறாள் தங்கை. அவள் கையிலிருக்கும் பழச்சாறு தொடாமலே சூடாகிக்கொண்டிருக்கிறது.

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கதவை அறைந்து சாத்தி, அதன்மேலேயே முதுகை முட்டுக்கொடுத்து நிற்கிறாள். சத்தம் கேட்டுத் திரும்பிய ஒரு பெரியவர், படத்தைப் பார்க்கிறார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு கிட்டே வருகிறார். வெளியே யாரோ கதவைத் தட்டுகிறார்கள்; அக்காவின் முதுகு அதிர்கிறது.

"கொஞ்சம் பொறுங்க," என்று அதட்டுகிறாள். "உள்ள ஒருத்தர் படம் பாக்குறாரு!"