றொபினின் கார்

என் மனைவி றெபேக்காவின் முதல் புருசன் றொபின் செத்து நாலு வருசம். அவன்ரை காரை விற்க அவள் விடுகிறாள் இல்லை. நான் தனியே ஓட்டினால் அது நேராகப் போகும். அவள் பக்கத்தில் இருந்தால் அவள் பக்கமாக இழுக்கும்.

சனிக்கிழமை முற்றத்தில் வைத்து, ஸ்டியரிங்கை முன் சீற்றோடு கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். பின் சில்லிலிருந்து நூல் பிடித்து முன் சில்லுகளை நேராக்கினேன். அளந்து பார்த்தேன். மயிரளவும் பிசகில்லை.

"சரி வந்திட்டுதோ?" என்று றெபேக்கா குசினி வாசலில் நின்று கேட்டாள்.

"ஓம். உவன்ரை சேட்டை இனிப் பலிக்காது."

"செத்த மனுசனோடை உங்களுக்கு என்ன கோவம்?"

துவாயை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள்.

நான் நூலைக் கழற்றக் குனிந்தேன். ஸ்டியரிங்கில் கட்டிய கயிறு கட்டியபடியே இருந்தது. முன் சில்லுகள் இரண்டும் கிணற்றடிப் பக்கம் திரும்பியிருந்தன. அங்கே அவள் குளிக்கத் தொடங்கியிருந்தாள்.